அந்தா பாரு, ஆட்டுக்குட்டி!

போன மாதம் என் மனைவி ராஜி ஸ்கூட்டரில் இருந்து விழுந்தாள். பெரிய விபத்தெல்லாம் இல்லை. எங்கள் தெரு முனையில் நின்ற வண்டியோடு அப்படியே சாய்ந்தாள். மணலில் கால் வழுக்கிவிட்டது. கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

"பேசாம லீவு போட்டுட்டு வீட்டுல இரு" என்றேன்.

"நான் லீவு போட்டா ஒண்ணாங்கிளாஸ யாரு பாப்பா? நீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. "அதுல என்ன இருக்கு? நாலு பாட்டு, ரெண்டு கதை..." என்று ஆரம்பித்தேன். ராஜி கட்டுப்போட்ட கையை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாளில் இருந்து நான் அவளுக்கு டிரைவர்.

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் நெருக்கிக்கொண்டு வருகிற ரோடு. அதில் தினமும் இத்தனை வருஷமாக இவள் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அளவுக்கு நான் அக்கறையுள்ள கணவன்!

தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். நாலு, அஞ்சாம் வகுப்பு ஹெச்.எம். பொறுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில், ராஜி பொறுப்பு. அவள் அறையில் மட்டும் இருபத்திரண்டு பிள்ளைகள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று வண்டியைத் திருப்பினேன். ஹெச்.எம். கேட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், அவுகளுக்குக் கை முடியல. போர்டுல எழுத, படம் ஒட்ட ஒரு ஒத்தாசைக்கு நீங்க இருங்களேன். உங்களுக்கும் பேப்பர்ல பத்தி எழுத ஏதாச்சும் கெடைக்கும்" என்றார்.

பத்தி எழுதுகிறவனை எப்படி மடக்குவது என்று தெரிந்த மனிதர். இருந்துவிட்டேன். பிள்ளைகள் அன்று மதியத்துக்குள் எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள் - 'டிரைவர் சார்.'

முதல் நாள் மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு நடந்தது. பிறகு கதை. பிறகு புளியங்கொட்டை வைத்துக் கணக்கு. பிறகு படம் வரைதல். பிறகு வெளியே விளையாட்டு, கைகழுவல், சாப்பாடு. இதையெல்லாம் நடத்துவது ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே... அதில்தான் விஷயமே இருக்கிறது.

நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு பேர் தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் அதில் வீடு கட்டுகிறான். ஒருத்தி அதைச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருத்தன் மூக்கில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறான். இவர்கள் அத்தனை பேரையும் எழுப்பி, கொட்டையை டப்பாவில் போட வைத்து, பாயைச் சுருட்ட வைத்து, வட்டமாக உட்கார வைக்க வேண்டும். அழுகை இல்லாமல், அடிதடி இல்லாமல்.

ராஜி என்ன செய்தாள் தெரியுமா? முனகினாள். வாயை மூடிக்கொண்டு, ஒரு மெட்டு. முன்பெல்லாம் கைதட்டித்தான் மாற்றுவாளாம். இப்போது ஒரு கை கட்டில் இருக்கிறதே, அதனால் முனகல். பக்கத்தில் இருந்த நாலு பிள்ளைகள் சேர்ந்து முனகினார்கள். அப்புறம் எட்டுப் பேர். முனகிக்கொண்டே கைகள் கொட்டையைப் பொறுக்குகின்றன. மெட்டு முடிவதற்குள் டப்பா நிறைந்துவிட்டது. முதலில் ஒரு குழு எழுந்தது. அது உட்கார்ந்த பிறகுதான் அடுத்த குழு. மூக்குக்குள் போட யோசித்தவனிடம், "ஏலே கவின், இந்த டப்பாவ பத்திரமா கொண்டுபோய் வைப்பியா? உன்னாலதான் முடியும்" என்றாள். அவன் டப்பாவைத் தேர் மாதிரி தூக்கிக்கொண்டு போனான்.

குரல் ஏறவே இல்லை. சொல்லப்போனால் சத்தம் கூடக்கூட அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. டீச்சர் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே பிள்ளைகள் அமைதியானார்கள். வீட்டில் இந்த வித்தையை என்னிடம் காட்டியிருந்தால் நானும் உருப்பட்டிருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் நான் அடிபட்டேன். ஏதோ ஒரு தகவல் ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று ஹெச்.எம். அவளைக் கூப்பிட்டார். "பத்து நிமிஷம் பாத்துக்குங்க. படம் வரையுறதுல இருந்து கதைக்கு மாத்தணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்புட்டுத்தானே? எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "எல்லாரும் எடுத்து வைங்க, கதை!" என்றேன்.

கதை என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் அப்படியே எழுந்து ஓடிவந்தார்கள் - மற்றவர்கள் வரைந்த படத்தை மிதித்துக்கொண்டு. மிதிபட்டவர்கள் அடித்தார்கள். அடிபட்டவர்கள் அழுதார்கள். பாயின் இரண்டு முனைகளை இரண்டு பேர் இழுத்தார்கள், நடுவில் ஒருத்தன் படுத்துக்கொண்டான். "சைலன்ஸ்!" என்று கத்தினேன். "சைலன்ஸ்!" என்று இருபது பேரும் திருப்பிக் கத்தினார்கள். கவின் தண்ணீர்க் குடத்துக்குள் கிரயானைப் போட்டான். ராஜி திரும்பி வந்தபோது நான் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த பந்தி உடனே எழுந்துவிடுகிறதா? பின்னால் ஆள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், பாயசத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எழுவோம். பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற என்னைக் குளிக்கக் கிளப்ப ராஜிக்கு எத்தனை தடவை குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது? கையில் இருப்பதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது லேசுப்பட்ட வேலை இல்லை. வயசு அஞ்சானாலும் ஐம்பத்தெட்டானாலும்.

சரி, இப்போது தன்ஷிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தன்ஷிகா ஒன்றாம் வகுப்பு. குச்சி மாதிரி இருப்பாள். கண் மட்டும் பெரிசு. ராஜியின் முனகலுக்கு இருபத்தோரு பேர் அசைவார்கள், இவள் அசைய மாட்டாள். கையில் என்ன இருக்கிறதோ அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். புளியங்கொட்டையா, கிரயானா, கதைப் புத்தகமா - எதுவாக இருந்தாலும். வாங்கப் போனால் அலறல். மூச்சுக் கட்டிப்போகிற மாதிரி, வாந்தி எடுக்கிற வரைக்கும் அலறல். நான் போவதற்கு முந்தின வாரம், டப்பாவை வாங்கப் போன ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது. பையனின் அப்பா வந்து ஹெச்.எம்.மிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவளுடைய அம்மா மாரீஸ்வரி, ஸ்பின்னிங் மில்லில் வேலை. காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயந்தரம் கொண்டுவந்து விடும். அப்பா லாரியில் ஓடுகிறார், மாதத்தில் இரண்டு தடவை வந்தால் அதிகம். வீட்டில் வேறு யாரும் இல்லை. மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், பிள்ளை அலறும்போதெல்லாம் பள்ளியில் இருந்து சூப்பர்வைசருக்குத்தான் போன் போகும். மாரீஸ்வரி பர்மிஷன் கேட்டுக்கொண்டு, கிடைத்த ஆட்டோவைப் பிடித்து ஓடிவருவாள்.

நான் இருக்கும்போதே ஒரு நாள் அப்படி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. புருவத்தில்கூட வெள்ளையாக ஒட்டியிருந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ராஜிக்கு முன்னால் நின்றாள்.

"டீச்சர், இதோட நாலாவது தடவ. இன்னியொரு தடவ பர்மிஷன்னு வந்தா, அப்படியே வீட்டுலயே இருந்துக்கன்னுட்டாக. நான் என்ன செய்ய? இவள வச்சுக்கிட்டு வீட்டுல இருக்கவா? இல்ல வேலைக்கிப் போகவா?"

ஹெச்.எம். நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதர். "இன்னும் ஒரு வருசம் அங்கன்வாடியில இருக்கட்டும்மா. மறுபடி யாரையாச்சும் கடிச்சு வச்சா நான் பதில் சொல்ல முடியாது" என்றார். அந்த ஊரில் அங்கன்வாடி மதியத்துக்கு மேல் கிடையாது. அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? மாரீஸ்வரி பஞ்சு ஒட்டிய முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தாள்.

"ஒரு மாசம் டயம் குடுங்க சார்" என்றாள் ராஜி. ஹெச்.எம். தலையை ஆட்டினார். அரை மனசாகத்தான்.

ராஜி தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் இறக்கினாள். கைப்பாவை கொண்டுவந்தாள். "தன்ஷிகா, இங்க பாரு யாரு வந்திருக்கா!" என்று இடது கையில் ஒரு கிளியை ஆட்டினாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், தன்ஷிகா அலறினாள். ஒரு பெட்டிக்குள் ஏதோ வைத்து, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்!" என்று ஆசை காட்டினாள். இன்னும் சத்தமாக அலறினாள். எவ்வளவு புதுசாக, எவ்வளவு ஜோராக ஒன்றைக் காட்டினாளோ, அவ்வளவு பயம் அந்தப் பிள்ளையின் கண்ணில்.

அன்று சாயந்தரம் வீட்டில் காபி ஆறிப்போகிற வரைக்கும் ராஜி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் புரியலங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் இருந்து நான் கேட்டிராத வாக்கியம் அது. கேட்பதற்கு ஆசைப்பட்டதும் உண்டு. ஆனால் அன்றைக்குச் சந்தோஷமாக இல்லை.

மறுநாள் நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். டிரைவர் அப்படிப்பட்ட டிரைவர்! காலைச் சிற்றுண்டி நேரம். பள்ளி கேட்டுக்கு எதிரே மில் வேன் நின்றது. மாரீஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்றப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

மாரீஸ்வரி குனிந்து, தெருவின் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தா பாரு, ஆட்டுக்குட்டி! எப்படித் துள்ளுதுன்னு பாரு!"

நிஜமாகவே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. கறுப்பு. குட்டிச் சுவர்மேல் ஏறி ஏறிக் குதித்தது. நானும் பார்த்தேன். அழகான குட்டி.

வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தன்ஷிகா திரும்பினாள். அம்மா இல்லை. வேன் கிளப்பிய புழுதி மட்டும் இருந்தது.

அந்தப் பிள்ளை அழவில்லை. அதுதான் என்னவோ செய்தது. கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் டப்பாவைப் பிடிப்பாளே... அதே பிடி.

நான் மறுபடி ஆட்டுக்குட்டி பக்கம் திரும்பிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ராஜிதான் பிள்ளையையே பார்த்தாள். கேட்டருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க... நானும் இதத்தான செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

"எதை?"

"அங்க பாரு, இங்க பாருன்னு எதையாச்சும் காட்டுறது. காட்டிட்டுக் கையில இருக்கிறதப் புடுங்குறது. அவளுக்கு யாராச்சும் எதையாச்சும் காட்டுனா, இருக்கிறது போயிரும். தெனமும் காலைல அதத்தான படிக்கிறா? அப்புறம் நான் கிளியக் காட்டுனா அலறாம என்ன செய்வா?"

நம் ஊரில் யார் வீட்டில் இது நடக்கவில்லை? வெளியூர் கிளம்பும்போது பிள்ளைக்குக் காக்காய் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவாத அப்பா அம்மா யார்? நானே என் மகனுக்கு பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் மிஷினைக் காட்டிவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தேன். அழாமல் விட்டுவிட்டு வந்தோம் என்று நாம் நினைக்கிறோம். நம் கண்ணுக்கு முன்னால் அழவில்லை, அவ்வளவுதான்.

அன்றே ராஜி கிளியைப் பையில் போட்டுவிட்டாள். ஆசை காட்டுவது, அதிசயம் காட்டுவது எல்லாம் நின்றது. மாறப் போகிறோம் என்பதை முன்கூட்டியே, நேராக, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "தன்ஷிகா, இன்னும் ரெண்டு பாட்டு. அது முடிஞ்சதும் கிரயான வைக்கப்போறோம். அப்புறம் கதை." நிமிஷக் கணக்கு கிடையாது. அஞ்சு வயசுக்கு அஞ்சு நிமிஷம் என்றால் என்ன தெரியும்? பாட்டு தெரியும். ஒரு பாட்டு முடிந்ததும் விரலைக் காட்டி, "இன்னும் ஒண்ணு" என்பாள்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் வாங்கப் போக மாட்டாள். இடது உள்ளங்கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். வரைந்த தாளை ஜன்னல் கட்டையில், தன்ஷிகா கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, பறக்காமல் ஒரு கல் வைப்பாள். "இது இங்கயேதான் இருக்கும். சாப்பிட்டு வந்ததும் தாரேன்." சாப்பிட்டு வந்ததும் கட்டாயம் கொடுத்தாள். ஒரு நாள் நான் கல்லைத் தெரியாமல் எடுத்துவிட, தாள் பறந்து வாசலுக்கு வெளியே போய்விட்டது. என் மனைவி கட்டுப்போட்ட கையோடு கருவேல முள்ளுக்குள் இறங்கி அதை எடுத்து வந்தாள். நான் புதுசாக ஒரு தாள் கொடுக்கலாமே என்றேன்.

"நான் தாரேன்னு சொன்னது அதத்தான்" என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு என் மனைவி மேல் வந்த மரியாதை இருக்கிறதே... சரி, அதை வீட்டில் சொன்னால் காபிக்குச் சர்க்கரை கேட்பதற்காகச் சொல்வதாக நினைப்பாள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுடைய வேலைக்கு லாயக்கில்லாதவன். ஒரு மணி நேரத்துக்குக்கூட.

வகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக அலறல் சிணுங்கலாக மாறியது. ஆனால் காலையில் ஆட்டுக்குட்டி தொடர்ந்துகொண்டிருந்தால் இது நிலைக்காது என்று ராஜிக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த ஊருக்கு வண்டி ஓட்டச் சொன்னாள். மாரீஸ்வரி தண்ணீர்க் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைல இருந்து சொல்லிட்டுப் போ, மாரீஸ்வரி. வேலைக்குப் போறேன், சாயந்தரம் பள்ளிக்கூடம் விடவும் வந்துருவேன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்புறம் போ."

மாரீஸ்வரி பதறிப்போனாள். "சொன்னா அழுவா டீச்சர்! விட மாட்டா. கட்டிப் புடிச்சுக்கிருவா. வேன் நிக்காது. நான் ஏறலைன்னா போயிருவாக. அப்புறம் எனக்கு வேலயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அழட்டும். அழுதா பாத்துக்கிட நான் இருக்கேன். உன்னயப் புடிச்சா நான் பிரிச்சு விடுறேன். ஆனா நீ சொல்லாமப் போகாத. அவ தெனமும் உன்னயத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா."

குடம் நிறைந்து வழிந்தது. மாரீஸ்வரி குழாயை மூடக்கூட இல்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் மூடினாள்.

திங்கட்கிழமை காலை. மாரீஸ்வரி மகளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அடுத்த நொடி தன்ஷிகா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள் பாருங்கள்... தெருவே எட்டிப் பார்த்தது. ராஜி ஒரு கையால் பிள்ளையை மெதுவாக அணைத்துப் பிரித்தாள். மாரீஸ்வரி ஓடிப்போய் வேனில் ஏறினாள். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் இந்தத் தடவை மறைந்துகொள்ளவில்லை. கையை ஆட்டினாள். வேன் திரும்புகிற வரைக்கும் ஆட்டினாள். பிள்ளை கதறிக்கொண்டே அதைப் பார்த்தது.

அழுகை நிற்கவில்லை. பிரேயர் முடிந்தது, நிற்கவில்லை. ஹெச்.எம். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பிள்ளைக்கு மூச்சடைச்சு நீலம் பாஞ்சிறப் போகுது. அந்தம்மாவக் கூப்பிட்டுரவா?"

"ஒரு பாட்டு பொறுங்க சார்" என்றாள் ராஜி.

அவர் பொறுத்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ராஜி அந்தப் பாட்டைப் பாடினாள். முடிந்ததும், "இன்னும் ஒரு பாட்டு சார்." அப்படி அவர் ஏழு பாட்டு பொறுத்தார். ஏழாவதில் தன்ஷிகா தூங்கிவிட்டாள். ஹெச்.எம். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பயந்த மனிதர் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அன்றைக்கு அவருக்கும் நல்ல தைரியம்தான்.

செவ்வாய்க்கிழமை நாலு பாட்டு. புதன்கிழமை ஆறு. முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டு பாட்டு. அதற்கடுத்த வாரம் ஒரு நாள், தன்ஷிகா வேன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தானே உள்ளே போய்த் தட்டில் சாப்பாடு வாங்கிப் பந்தியில் உட்கார்ந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மில்லுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மாரீஸ்வரி மகளுக்குக் கொடுத்த வாக்குக்கு உண்மையான சோதனை போன வெள்ளிக்கிழமை வந்தது.

பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். மில் வேன் வரவில்லை.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். தன்ஷிகா பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பார்வை ரோட்டைவிட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம் விடவும் வந்துருவேன் என்று அம்மா தினமும் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாளே? இன்றைக்கு வரவில்லை என்றால்? இத்தனை நாள் கட்டியது எல்லாம் ஒரே சாயந்தரத்தில் சரிந்துவிடுமே? பிள்ளையின் உதடு கோணத் தொடங்கியதும், புத்தி கெட்டுப்போய் நான் வாயைத் திறந்தேன். "அந்தா பாரு..."

ராஜி திரும்பினாள். அந்தப் பார்வையில் என் வாக்கியம் பாதியில் செத்தது.

ஹெச்.எம். வேன் டிரைவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். வரும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜி படியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தன்ஷிகா, வேன் டயரு பஞ்சர் ஆயிருச்சாம். அம்மா வேனுலதான் இருக்காக. மாட்டுனதும் வருவாக. லேட்டாகும். எம்புட்டு லேட்டுன்னு எனக்குத் தெரியல. அவுக வார வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

பாருங்கள், 'இப்ப வந்துருவாக' என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தன்ஷிகா ரோட்டில் இருந்து பார்வையைத் திருப்பினாள். "எத்தன டயரு டீச்சர்?" என்று கேட்டாள்.

"மொத்தம் நாலு. ஒண்ணுதான் பஞ்சர்."

பையைத் திறந்தாள். தாளும் கிரயானும் எடுத்தாள். படியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு வேன் வரையத் தொடங்கினாள். பெரிய வேன். ஜன்னல் ஜன்னலாக. ஒவ்வொரு ஜன்னலிலும் கறுப்பாக ஒரு தலை. ஒரு தலைக்கு மட்டும் வெள்ளைக் கிரயானில் புள்ளி புள்ளியாக வைத்தாள். அது பஞ்சு என்று எங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன் வந்தது. நின்றும் நிற்காமலும் மாரீஸ்வரி குதித்து ஓடிவந்தாள். மூச்சு இரைக்கிறது, முகம் வெளிறிப்போயிருக்கிறது. பிள்ளை கதறிக்கொண்டிருக்கும் என்று நினைத்தே வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்திருப்பாள். "தனு! அம்மா வந்துட்டேன்த்தா! வாத்தா!" என்று கையை நீட்டினாள்.

தன்ஷிகா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு மறுபடி தாளில் குனிந்தாள்.

"இரும்மா. ஒரு டயருதான் பாக்கி. போட்டுட்டு வாரேன்."

மாரீஸ்வரி நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். ராஜியைப் பார்த்தாள். ராஜி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெச்.எம். பள்ளிச் சாவியோடு நின்றார். நான் வண்டிச் சாவியோடு நின்றேன். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு, வட்டமாக, நிதானமாக டயரைப் போட்டு முடித்தாள். கிரயானை டப்பாவில் வைத்தாள். டப்பாவைப் பையில் வைத்தாள். எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வாழ்நாளில் 'சீக்கிரம்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நான் காத்திருந்தது அந்த ஒரு டயருக்குத்தான்!